லேப்ராஸ்கோபி பழக்கம்: பெட்டியில் எது வரும், எது வராது

கேள்வி இதுதான்: பொது அறுவை மருத்துவத்தில் பிஜி முதலாண்டு. வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கேமராவில் பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோபி அறுவையில், தியேட்டரில் கேமரா பிடிப்பதைத் தாண்டிக் கை வைக்க வாய்ப்பு வரவில்லை. விலை உயர்ந்த விஆர் (மெய்நிகர்) சிமுலேட்டர் எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. வீட்டிலேயே வயிற்றுக்குப் பதிலாக ஒரு பயிற்சிப் பெட்டி செய்து பழகினால் பயன் உண்டா? எதைப் பழகுவது, எவ்வளவு நாள்? ரோபோ வந்துவிட்ட காலத்தில் இது வீண் வேலையா?

பயன் உண்டு, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பெட்டி கையைத்தான் திருத்தும், கண்ணைத் திருத்தாது. பித்தப்பை அறுவையில் பெரிய விபத்துகள் கையால் வருவது குறைவு, கண்ணால் வருவதே அதிகம். முதலில் கை.

லேப்ராஸ்கோபியில் வயிற்றுச் சுவர் ஒரு நெம்புகோலின் தாங்குபுள்ளி போல வேலை செய்கிறது. கை வலப்பக்கம் போனால் கருவியின் நுனி இடப்பக்கம் போகும், கையைத் தூக்கினால் நுனி தாழும். இது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது அளவு. கருவி பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருந்தால் கை நகர்ந்த தூரமே நுனியும் நகரும். மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே என்றால் கை 2 செ.மீ. போகும்போது நுனி 1 செ.மீ.தான் போகும், தோளையே ஆட்டினாலும் உள்ளே வேலை நகராது. போர்ட்டை, அதாவது கருவி நுழையும் துளையை, எங்கே போட்டீர்கள் என்பதே கை வேகத்தைத் தீர்மானித்துவிடுகிறது. இதோடு ஆழம் தெரியாத தட்டைப் படம், கருவி நுழையும் ட்ரோகார் குழாயின் உராய்வில் மங்கிப்போகும் தொடு உணர்வு. மூளை இவ்வளவையும் திரும்பக் கற்றுக்கொள்ள வேண்டும், அதற்கு நோயாளியின் வயிறு தேவையில்லை.

1991-ல் வெளியான ஓர் அமெரிக்கத் தொகுப்பில், 1,518 லேப்ராஸ்கோபிப் பித்தப்பை அறுவைகளைக் கணக்கெடுத்தார்கள். ஒவ்வொரு குழுவும் செய்த முதல் 13 பேரில் பித்தநாளக் காயம் 2.2 சதவீதம். அதற்குப் பிறகு வந்தவர்களில் 0.1 சதவீதம். அந்த முதல் 13 பேர் யாருடைய பயிற்சிக்கு விலை கொடுத்தார்கள் என்று யோசித்தால் சிமுலேட்டர் எதற்கு என்ற கேள்வியே எழாது.

விலை உயர்ந்த கருவி இல்லையே என்ற கவலையை விடுங்கள். 2002-ல் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பிஜிக்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் மிஸ்ட்-விஆர் என்ற சிமுலேட்டரில் பயிற்சி கொடுத்தார்கள். அதில் உறுப்பும் கிடையாது, ரத்தமும் கிடையாது; உருண்டையும் கட்டமும்தான். பிறகு நோயாளியின் பித்தப்பையை ஈரல் படுக்கையிலிருந்து பிரிக்கவிட்டுப் பார்த்தார்கள். பழகியவர்கள் 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் கிழிப்பதோ வேறு திசுவைச் சுடுவதோ ஐந்து மடங்கு அதிகம். அந்தப் பொம்மைப் படம் ஏன் வேலை செய்தது? அனுபவசாலிகள் எடுத்த மதிப்பெண்ணை இலக்காக வைத்து, அதை இரண்டு கையாலும் அடுத்தடுத்து இருமுறை எட்டும் வரை விடவில்லை. ‘பத்து மணி நேரம் பழகினேன்’ என்பது கணக்கே அல்ல. எந்த அளவை எட்டினீர்கள் என்பதுதான் கணக்கு. வீட்டுப் பெட்டியிலும் இதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்.

பெட்டிக்கு வருவோம். 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் உள்ள மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. உயரம் 15 செ.மீ. போதும். 20 செ.மீ. பெட்டிதான் கிடைத்தது என்றால் அடியில் ஒரு பலகை வைத்து வேலைத் தளத்தை உயர்த்துங்கள். கருவித் தண்டு 36 செ.மீ. இருக்கும், அதில் பாதி உள்ளே போகவேண்டும் என்றால் போர்ட்டிலிருந்து இலக்கு 18 செ.மீ. இரண்டு கருவியும் சந்திக்கும் கோணம் 60 டிகிரி இருந்தால் தையல் நன்றாக வரும். ஆகவே இரண்டு துளைக்கும் இடைவெளியும் 18 செ.மீ. சமபக்க முக்கோணம், அவ்வளவுதான். கோணம் 30-க்குக் கீழே போனால் இரண்டு கருவியும் கத்தி தீட்டுவது போல ஒன்றோடொன்று உரசும். 90-ஐத் தாண்டினால் முழங்கை இரண்டும் இறக்கை விரித்தது போல விரியும், பத்து நிமிடத்தில் தோள் கடுக்கும்.

மூடியில் 4 செ.மீ. அகலத்துக்கு ஓட்டை வெட்டி, அதன்மேல் பழைய டயர் ட்யூப் ரப்பரை ஒட்டி, நடுவில் சின்னதாகக் குறுக்காகக் கீறிவிடுங்கள். வெறும் பிளாஸ்டிக் ஓட்டையில் கருவியைச் செருகினால் தாங்குபுள்ளி ஆடும், கை தப்பாகப் பழகும். கேமராவுக்கு யுஎஸ்பி வெப்கேம் போதும். ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கருவி நகரும்போதெல்லாம் படம் மங்கித் தெளியும். செல்போனை வைஃபை வழியாக டிவிக்கு அனுப்பும் ஏற்பாடு வேண்டாம், படம் பின்தங்கும். எவ்வளவு பின்தங்குகிறது என்று பார்க்க எளிய வழி: ஒரு போனில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டுக் கேமராவுக்கு முன் வையுங்கள். அந்தப் போனும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி இன்னொரு போனில் படம் எடுங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசமே தாமதம். 0.2 வினாடியை நெருங்கினால் வயர் போடுங்கள். எல்இடி விளக்கை ஒரு பக்கமாக ஒட்டுங்கள். தட்டைப் படத்தில் ஆழத்தைச் சொல்வதில் நிழலுக்குப் பெரிய பங்கு உண்டு, நாற்புறமும் வெளிச்சம் போட்டால் அதைக் கொன்றுவிடுவீர்கள்.

கருவிக்கு, தியேட்டரில் காப்புறை கிழிந்து ஒதுக்கிய மேரிலேண்ட் (வளைந்த நுனி இடுக்கி), கிராஸ்பர் (திசுவைப் பிடிக்கும் இடுக்கி), கத்தரி ஆகியவற்றைப் பொறுப்பாளரிடம் எழுதிக் கேட்டு வாங்கலாம். மின்சாரம் பாய்ச்ச அவை ஆபத்து, பெட்டிக்கு அமிர்தம். ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டரை மட்டும் நல்லதாக வாங்குங்கள், தேய்ந்த தாடையில் ஊசி சுழன்றுகொண்டே இருக்கும், உங்கள் தவறா கருவியின் தவறா என்று தெரியாது. ஒருமுறை பெட்டிக்குள் போன கருவி திரும்பத் தியேட்டருக்குப் போகக் கூடாது.

நின்றுதான் பழக வேண்டும். கருவியின் பிடி முழங்கை உயரத்தில் இருக்கட்டும், அதற்கு மேசை நீங்கள் நினைப்பதைவிடத் தாழ்வாக இருக்கவேண்டும். திரை நேர் எதிரே, கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே.

எதைப் பழகுவது? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உருவான பயிற்சித் தொகுப்பிலிருந்து வளர்ந்ததுதான் எஃப்எல்எஸ் என்ற லேப்ராஸ்கோபி அடிப்படைத் தேர்வு. அமெரிக்காவில் பொது அறுவை மருத்துவச் சான்று வாங்க அது கட்டாயம். அதில் ஐந்து வேலைகள். ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தவர்களின் நேரத்தை வைத்து இலக்கு வகுத்திருக்கிறார்கள். ஆறு ரப்பர் துண்டுகளை இடக்கையால் எடுத்து, அந்தரத்தில் வலக்கைக்கு மாற்றி, எதிர்ப்பக்க முளையில் போட்டு, மறுபடி கைமாற்றித் திரும்பக் கொண்டுவருவது 48 வினாடி. காஸ் துணியில் வரைந்த வட்டத்தைக் கோடு தப்பாமல் வெட்டுவது 98 வினாடி. சுருக்குக்கயிறு போட்டு இறுக்குவது 53. வெளியே முடிச்சுப் போட்டு உள்ளே தள்ளுவது 136. உள்ளேயே தைத்து முடிச்சுப் போடுவது 112. தேர்வில் தேறுவதற்கான நேர வரம்பு இதைவிடத் தாராளம், முதல் வேலைக்கே 300 வினாடி தருவார்கள். உங்கள் இலக்கு அது அல்ல, 48. முதல் நாள் மூன்று நான்கு நிமிடம் ஆனால் மனம் தளர வேண்டாம்.

முளைப்பலகைக்கு ஒரு மரக்கட்டையும் பன்னிரண்டு ஆணியும் போதும். ரப்பர் துண்டு கிடைக்காவிட்டால் பழைய ட்யூபை வளையமாக வெட்டிக்கொள்ளுங்கள். கொண்டைக்கடலையை ஒரு மூடியிலிருந்து இன்னொரு மூடிக்கு மாற்றுவதும் நல்ல பயிற்சிதான். கிராஸ்பரை அழுத்திப் பிடிக்கிறவனுக்குக் கடலை தெறித்து ஓடும், அந்தப் பாடம் பிறகு குடலைப் பிடிக்கும்போது உதவும்.

காஸ் வெட்டுவதில் எல்லோரும் கோடு தப்புவது கத்தரிக் கையால் என்று நினைப்பார்கள். தப்பு மற்றக் கையில். அது அதிகம் இழுத்தால் நெசவு கோணி, வட்டம் முட்டை வடிவமாகிவிடும். வெட்டி முடித்துத் துணியை விட்டதும் கோடு எங்கோ இருக்கும். தளர விட்டால் கத்தரி துணியை வெட்டாமல் மெல்லும். வட்டத்தின் பாதியில் கத்தரியை அடுத்த கைக்கு மாற்றுவதைத் தவிர்க்காதீர்கள். கடைசிவரை இடக்கை மந்தமாகவே நிற்பதற்கு அந்தத் தவிர்ப்பு ஒரு முக்கியக் காரணம்.

ஐந்திலும் பழக அதிக நாள் பிடிப்பது உள்முடிச்சு. ஆகவே அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நூல் 12 முதல் 15 செ.மீ. இருக்கட்டும். நீளமாக விட்டால் நூலைத் தேடுவதிலேயே நேரம் போகும். ஊசியை உள்ளே கொண்டுபோகும்போது ஊசியைப் பிடிக்காமல், அதற்கு 2 செ.மீ. பின்னால் நூலைப் பிடியுங்கள். உள்ளே போனதும் இடக்கை கிராஸ்பர் நூலைப் பிடித்திருக்க, ஊசியின் நுனி திசுவை மெல்லத் தொடும்படி தொங்கவிட்டு, நூலை லேசாகத் திருகினால் ஊசி தானாகச் சுழன்று நிமிரும். நிமிர்ந்ததும் வலக்கை ஹோல்டரால் நுனியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், தாடைக்குச் செங்குத்தாகப் பிடியுங்கள். இந்த ஒரு செயலுக்கே முதல் வாரம் போகும், போகட்டும். ஊசி சாய்ந்திருக்கும்போதே ‘பரவாயில்லை’ என்று குத்தினால் திசுவில் ஊசி புரளும், துளை கிழியும்.

குத்தி எடுத்த பிறகு வால் நூலை 2 முதல் 3 செ.மீ. மட்டும் விடுங்கள். வால் நீண்டால், அதை வளையத்தின் வழியே இழுக்கும்போது முனை வெளியே வராமல் மடங்கி நிற்கும், முடிச்சு விழாது. குட்டையானால் இழுப்பில் திசுவுக்குள் நழுவிப்போய் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நீள நூலை ‘ட’ போலக் கோணலாக விடாமல், திசுவின் மேல் படுத்த ஓர் அரைவட்டமாகக் கிடத்துங்கள். அந்த அரைவட்டத்தின் மேல் ஹோல்டரை வைத்து நூலை இரண்டு சுற்று. இங்கேதான் பெரும்பாலானோருக்குச் சுற்று கழன்று விழும். காரணம், சுற்றிய பிறகு ஹோல்டர் வாலைத் தேடிப் பயணம் போகிறது. இன்னொரு கை இருந்த இடத்திலேயே நிற்கிறது. வாலுக்குப் பக்கத்திலேயே சுற்றுங்கள், இரண்டு கருவியும் கைகோத்தது போல ஒன்றாக நகரட்டும். வாலைப் பிடித்து எதிரெதிர்த் திசையில், திசுவின் தளத்தோடு படுக்கைவாட்டில் இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் திசு பிய்யும்.

அடுத்த ஒற்றைச் சுற்று மறுகையால், மறுபக்கமாக. மூன்றாவது மறுபடி முதல் கையால். கை மாற்றாமல் மூன்றையும் ஒரே பக்கம் போட்டால் அது சதுர முடிச்சாகாது, வழுக்கும் முடிச்சாகும். வேண்டுமென்றே வழுக்க வைக்கும் உத்தியும் உண்டு: திசு விலகி நிற்கிறது, முதல் சுற்று தளர்ந்துவிட்டது என்றால், இரண்டாவது சுற்றைப் போட்டபின் ஒரே பக்கத்து நூலை முடிச்சுக்கு மேலும் கீழுமாகப் பிடித்து நேராக்குங்கள். முடிச்சு வழுக்கும் நிலைக்கு மாறும். அதைத் தள்ளி இறுக்கிவிட்டு, மறுபடி இருபுறமும் இழுத்துச் சதுரமாக்கிப் பூட்டுங்கள்.

எவ்வளவு நேரம்? ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஆறு மணி நேரம் என்ற திட்டம் வேண்டாம். டொரண்டோவில் 2006-ல் வந்த ஆய்வில், நுண் ரத்தக்குழாய்த் தையலின் நான்கு வகுப்புகளை ஒரே நாளில் நடத்திய குழுவையும், வாரம் ஒன்றாக நடத்திய குழுவையும் ஒரு மாதம் கழித்து ஒப்பிட்டார்கள். வாரம் ஒன்று எடுத்தவர்களே முந்தினார்கள், உயிருள்ள எலியில் செய்யும்போதும். தினம் 30 நிமிடம், வாரம் ஐந்து நாள் என்று வையுங்கள். டியூட்டி முடிந்து கண் சொருகும்போது பழகாதீர்கள், தவறுதான் பதியும். ஒரு வேலையில் இலக்கை அடுத்தடுத்து இருமுறையும், அதன்பின் விட்டுவிட்டுப் பத்து முறையும் எட்டினால் அது முடிந்தது.

ரப்பர் சலித்த பிறகு ஆட்டுக்கறிக் கடைக்குப் போங்கள். பித்தப்பையை அறுக்காமல் ஈரலோடு கேட்டு வாங்குங்கள். கசக்கும் என்று கடைக்காரர் முதலில் அதைத்தான் வீசுவார், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பித்தப்பையை ஓட்டை விழாமல் படுக்கையிலிருந்து பிரிப்பது நல்ல வேலை, பச்சை நீர் கசிந்தால் தோல்வி என்று தனியாக யாரும் சொல்ல வேண்டியதில்லை. கோழித் தொடையில் தோலை உரிப்பது திசுத் தளம் பிரிக்கப் பழக உதவும். வீட்டில் மின்கத்தி மட்டும் வேண்டாம்.

நேரம் மட்டும் பார்த்தால் முரட்டு வேகம்தான் வளரும். ஆகவே வாரம் ஒரு காணொளியைப் பதிந்து, சீனியர் ஒருவரிடம் காட்டுங்கள். கோல்ஸ் என்ற மதிப்பீட்டு அட்டவணையில் ஐந்தே தலைப்பு: ஆழ உணர்வு, இருகை ஒத்துழைப்பு, வீண் அசைவின்மை, திசுவைக் கையாளும் பக்குவம், தனித்துச் செய்யும் திறன். ஒவ்வொன்றுக்கும் 5, மொத்தம் 25. காணொளியைப் பார்த்து மதிப்பெண் போடுவது விளையாட்டல்ல. மிச்சிகனில் எடைக்குறைப்பு அறுவை செய்யும் 20 நிபுணர்களின் காணொளிகளைப் பெயர் தெரியாமல் சக நிபுணர்கள் மதிப்பிட்டார்கள். முடிவு 2013-ல் வெளியானது. கடைசிக் கால்பங்கில் வந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதத்தினருக்குச் சிக்கல், முதல் கால்பங்கில் 5.2 சதவீதம்.

‘கேமரா பிடிப்பதைத் தாண்டி’ என்று கேள்வியில் ஒரு சலிப்பு தெரிகிறது. கேமராதான் உங்கள் முதல் அறுவை. நுனி 30 டிகிரி சாய்ந்து பார்க்கும் ஸ்கோப்பில் கேமராத் தலையை நேராகப் பிடித்து அடிவானத்தைக் காக்கவேண்டும், லைட் கேபிளைச் சுழற்றிப் பார்வையைத் திருப்ப வேண்டும். கேபிள் மேலே இருந்தால் ஸ்கோப் கீழே பார்க்கும்; கேபிள் வலப்பக்கம் என்றால் இடப்பக்கம் பார்க்கும். இரண்டையும் சேர்த்துத் திருப்புகிறவர்கள்தான் படத்தைக் கவிழ்க்கிறார்கள். தெரியவில்லை என்று முன்னால் தள்ளாதீர்கள், கேபிளைத் திருப்புங்கள்.

கை வைக்க வாய்ப்பு வரும்போது அறுவையின் கடைசிக் கட்டத்திலிருந்து தொடங்கிக் கேளுங்கள்: முதலில் போர்ட் மூடல், பிறகு ஈரல் படுக்கையிலிருந்து பிரித்தல், பிறகு குழாயை அடைக்கும் கிளிப், கடைசியாகத்தான் பித்தப்பை நாளமும் ஈரலும் சேரும் இடமான கேலட் முக்கோணம். ‘எனக்கு ஒரு கேஸ் கொடுங்கள்’ என்றால் யாரும் தர மாட்டார்கள். ‘படுக்கையிலிருந்து பிரிப்பதை மட்டும் செய்கிறேன், ஆட்டு ஈரலில் செய்த காணொளி இது’ என்றால் தருவதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

ரோபோ பற்றிச் சுருக்கமாக. டா வின்சிக்கு அமெரிக்க அனுமதி 2000-ல் கிடைத்தது. இந்தியாவில் உருவான எஸ்எஸ்ஐ மந்த்ராவும் இன்று தியேட்டர்களில் இருக்கிறது. ரோபோவில் தலைகீழ் அசைவு இல்லை, படம் முப்பரிமாணம், மணிக்கட்டு மடங்கும். ஆகவே தையல் சீக்கிரம் கைவரும். ஆனால் பெரும்பாலான ரோபோக்களில் இழுவிசை கைக்குத் தெரியாது, புதியவர்கள் நூலை அறுத்துக்கொண்டே இருப்பார்கள். நூல் எவ்வளவு விறைத்திருக்கிறது, திசு வெளுக்கிறதா என்று கண்ணால் படிக்க வேண்டும். ரத்தம் பீறிட்டால் கருவிகளைக் கழற்றி ரோபோவை நகர்த்தும் ஒத்திகையைக் குழுவாகச் செய்யாத இடத்தில் ரோபோ பழகாதீர்கள். ரோபோவிலும் நோயாளியின் பக்கத்தில் நின்று கருவி மாற்றும் உதவியாளருக்கு லேப்ராஸ்கோபிக் கைதான் வேண்டும், பிஜி முதலில் நிற்பது அங்கேதான்.

இனி கண். 2003-ல் வெளியான ஓர் ஆய்வு 252 பித்தநாளக் காயங்களை ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்த்தது. 97 சதவீதத்தில் மூலகாரணம் பார்வை மயக்கம்: குடலுக்குப் போகும் பொதுப் பித்தநாளத்தை, பித்தப்பையிலிருந்து வரும் நாளம் என்று நம்பி, நம்பியதை அழகாக, சுத்தமாக வெட்டியிருக்கிறார்கள். கைத்திறன் குறை இருந்தது 3 சதவீதத்தில்தான். உள்முடிச்சு 112 வினாடியில் போடுகிறவரும் தப்பான குழாய்க்கு கிளிப் போடலாம்.

இதற்கான பயிற்சிக்குப் பெட்டி தேவையில்லை, பதிவு செய்த அறுவைக் காணொளிகள் வேண்டும். ஸ்ட்ராஸ்பெர்க் என்ற அறுவை மருத்துவர் 1995-ல் வகுத்த, கிளிப் போடும் முன் கிடைக்க வேண்டிய பாதுகாப்புப் பார்வையின் மூன்று நிபந்தனைகள்: கேலட் முக்கோணத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் முழுதாக நீங்கியிருக்க வேண்டும், பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு ஈரல் படுக்கையிலிருந்து பிரிந்திருக்க வேண்டும், பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு அமைப்புகள் (அதன் நாளமும் தமனியும்) போவது தெரிய வேண்டும். காணொளியைக் கிளிப்புக்குச் சற்று முன் நிறுத்துங்கள். மூன்றுக்கும் ஆம், இல்லை என்று தாளில் எழுதிவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். பலர் இரண்டாவதில் ஏமாறுவார்கள். சின்ன ஜன்னல் ஒன்று தெரிந்தாலே படுக்கை தெரிகிறது என்று எழுதிவிடுவார்கள். ஈரலின் அடிப்பக்கத்தில் உள்ள ரூவியேர் பள்ளம் எங்கே என்று ஒவ்வொரு காணொளியிலும் விரல் வைத்துக் காட்டுங்கள், வெட்டு அந்த மட்டத்துக்குக் கீழே இறங்கினால் அங்கேயே நிறுத்தி ஏன் என்று கேளுங்கள்.

தியேட்டரில் கிளிப் அப்ளையரைக் கேட்பதற்கு முன் கருவிகளை நிறுத்தி, மூன்றையும் வாய்விட்டுச் சொல்லி, முன்புறம் ஒரு படம், பின்புறம் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழற்சியில் முக்கோணம் கல்லாக இறுகி மூன்றில் ஒன்று வரவில்லையென்றால் இன்னும் ஐந்து நிமிடம் தோண்டிப் பார்ப்போம் என்ற ஆசை வரும். அங்கே சீனியரைக் கூப்பிடுவது, பித்தப்பையின் ஒரு பகுதியை விட்டுவிட்டு மற்றதை எடுப்பது, வயிற்றைத் திறப்பது என்று மூன்று வழிகள் இருக்கின்றன. எந்த வரிசையில் யோசிப்பீர்கள் என்பதைக் கேஸுக்கு முந்தின இரவே எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.